வெடிக்காத குண்டு யாருடையது?

2019 ஜூன் 23 அதிகாலை நான்கு மணி வாக்கில், ஜெர்மனியின் லிம்பர்க் நகரை ஒட்டிய அஹ்ல்பாக் கிராமத்தில் ஒரு பார்லி வயல் வெடித்தது. விடிந்ததும் ஊரார் கண்டது 10 மீட்டர் அகலமும் 4 மீட்டர் ஆழமும் கொண்ட ஒரு பள்ளம். அங்கே யாரும் தோண்டவில்லை, உழவும் நடக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் வீசப்பட்ட சுமார் 250 கிலோ எடையுள்ள குண்டு ஒன்று முக்கால் நூற்றாண்டு மண்ணுக்கடியில் கிடந்துவிட்டுத் தானாகவே வெடித்திருந்தது. ஊர் தூங்கும் நேரம் என்பதால் உயிர்ச்சேதம் இல்லை. இப்படிப்பட்ட செய்திகளை நாளிதழ்கள் ஒரு விநோதமாக எழுதிவிட்டுக் கடந்துவிடுகின்றன. குண்டுகளின் வரலாற்றை எழுதியவர்களும் பெரும்பாலும் வெடித்த குண்டுகளைத்தான் எழுதியிருக்கிறார்கள். கெர்னிகா, டிரெஸ்டன், ஹிரோஷிமா என்று அந்தப் பட்டியல் நமக்கு மனப்பாடம். பொதுமக்களின் பாதுகாப்பு என்ற பக்கத்திலிருந்து பார்த்தால், வெடிக்காத குண்டுக்கும் அதற்கு இணையான நீண்ட வரலாறு உண்டு. அது இன்னும் முடியவில்லை. அந்த வரலாற்றைத் தொடர்ந்து பார்த்துவந்தால், குண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் வீரர்களின் துணிச்சலுக்கு நாம் கொடுக்கும் இடம் கொஞ்சம் அதிகமோ என்று தோன்றுகிறது. மக்களை அதிகம் காப்பாற்றியவை இரண்டு சலிப்பூட்டும் விஷயங்கள்: குண்டு எங்கே விழுந்தது என்ற பதிவு, அதை அகற்றும் செலவு யார் தலையில் விழும் என்ற தெளிவு. இவை இருந்த நாடுகளில் பழைய குண்டு ஒரு நிர்வாக வேலையாகிவிட்டது. இல்லாத நாடுகளில் அது இன்றும் ஆள் கொல்கிறது.

குண்டு வெடிக்காமல் போவதை ஏதோ தற்செயல் போலப் பேசுவது வழக்கம். ஆனால் ஆயுதம் செய்பவருக்கும் அதை வாங்கும் படைக்கும் அது முன்பே தெரிந்த விகிதம். ஒவ்வொரு உற்பத்தித் தொகுதியிலும் சிலவற்றைச் சோதித்து, இத்தனை சதவீதம் பழுதானாலும் ஏற்கலாம் என்ற வரம்புக்குள்தான் குண்டுகள் கிடங்குக்குப் போகின்றன. குண்டை வெடிக்க வைக்கும் ஃபியூஸ் என்ற சிறு பொறி, குண்டு சாய்வாக விழுந்தாலோ சேற்றிலோ மரக்கிளையிலோ விழுந்தாலோ வேலை செய்யாமல் போகும். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவின் மீது நேச நாடுகள் வீசியவை சுமார் 27 லட்சம் டன். அவற்றில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வெடிக்கவில்லை என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. முதல் உலகப் போரின் எறிகணைகளில் விகிதம் இதைவிட அதிகம். லாவோஸில் வீசப்பட்ட கொத்துக்குண்டுகளில் 30 சதவீதம் என்கிறார்கள். ஆக, ஆயிரம் குண்டு வீச உத்தரவிடுபவர் நூறு முதல் முந்நூறு குண்டுகளை அந்த மண்ணில் புதைக்கவும் சேர்த்தே உத்தரவிடுகிறார். இதை ஒப்புக்கொண்டால்தான் அடுத்த கேள்வி எழும்: அந்தக் குண்டுகள் யாருடையவை?

இந்தக் கேள்விக்கு உலகம் ஒருமுறை மிகத் தெளிவாகப் பதில் சொல்லியிருக்கிறது, கடலில். 1904-05 ரஷ்ய-ஜப்பானியப் போரில் இரு தரப்பும் மிதக்கவிட்ட கண்ணிவெடிகள் அறுந்து அலைந்து, போரில் சம்பந்தமே இல்லாத சீனக் கப்பல்களையும் படகுகளையும் உடைத்தன. 1907-இல் ஹேக் மாநாடு இதற்காகவே எட்டாவது உடன்படிக்கையை எழுதியது. நங்கூரத்திலிருந்து அறுந்த கண்ணிவெடி தானாகவே செயலிழக்க வேண்டும் என்றது அது. போர் முடிந்ததும் ஒவ்வொரு நாடும் தான் வைத்த கண்ணிவெடியைத் தானே அகற்ற முழு முயற்சி எடுக்க வேண்டும் என்றும் சொன்னது. ஓட்டைகள் நிறைந்த உடன்படிக்கைதான். ஆனாலும் யார் வைத்தாரோ அவரே எடுக்க வேண்டும் என்ற கொள்கை அதில் ஐயத்துக்கு இடமில்லாமல் இருந்தது. நான்கே ஆண்டுகள் கழித்து, 1911 நவம்பர் 1 அன்று, லிபியாவில் இத்தாலிய விமானி ஜூலியோ கவோட்டி பறக்கும் விமானத்திலிருந்து கையால் குண்டுகளை வீசி, வான்வழிக் குண்டுவீச்சைத் தொடங்கிவைத்தார். வானத்திலிருந்து நிலத்தில் விழுந்து வெடிக்காமல் கிடப்பதைப் பற்றி ஒரு பன்னாட்டு விதி வர அதன் பிறகு 92 ஆண்டுகள் பிடித்தன. கடலுக்கு அவ்வளவு அவசரமாக விதி வந்ததற்குக் காரணம் பெரிய மர்மமில்லை. அந்தக் கடலில் வல்லரசுகளின் சொந்த வணிகக் கப்பல்கள் ஓடின.

நிலத்தில் நடந்ததற்கு முதல் சாட்சி பெல்ஜியமும் வட பிரான்சும். முதல் உலகப் போரின் மேற்கு முனையில் நூறு கோடிக்கு மேற்பட்ட எறிகணைகள் சுடப்பட்டன. ஈப்பர் வட்டாரத்தில் இன்றும் உழவுப் பருவத்தில் கலப்பை எறிகணைகளைக் கிளப்புகிறது. விவசாயி அவற்றைச் சாலையோரத்திலோ கம்பத்தடியிலோ வைத்துவிட்டுத் தகவல் சொல்கிறார். பூல்கபெல்லில் உள்ள பெல்ஜிய ராணுவத்தின் வெடிபொருள் அகற்றும் பிரிவு வந்து எடுத்துப்போகிறது. இதற்கு இரும்பு அறுவடை என்றே பெயர். பிரான்ஸ் போருக்குப் பிறகு சுமார் 1,200 சதுர கிலோமீட்டர் நிலத்தைச் சிவப்பு மண்டலம் என்று அறிவித்து மனிதக் குடியிருப்பிலிருந்து விலக்கியது. அதன் ஒரு பகுதியான வெர்டன் அருகே 1920-களில் சுமார் 2 லட்சம் ரசாயன எறிகணைகள் எரித்து அழிக்கப்பட்டன. எரித்த இடத்தைக் காடு மூடியது, ஊர் மறந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த மண்ணைச் சோதித்த ஆய்வாளர்கள் புல்கூட முளைக்காத அளவுக்கு ஆர்செனிக் இருப்பதைக் கண்டார்கள். எறிகணை போய்விட்டது, அதை அழித்த குறிப்பும் போய்விட்டது, நஞ்சு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஈப்பர் வட்டாரத்தில், மெசீன் போருக்காக 1917-இல் பிரிட்டிஷார் நிலத்தடியில் வைத்து, வெடிக்காமல் விட்ட பெருஞ்சுரங்க வெடி ஒன்று 1955-இல் இடி மழையின்போது வெடித்தது. செத்தது ஒரு பசு. இத்தகைய சம்பவங்களை ஐரோப்பியர்கள் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. அந்தச் சிரிப்பும் ஒரு வசதிதான்.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது வெடிக்காத குண்டு தவறுதல் என்ற நிலையிலிருந்து தந்திரமாக மாறியது. 1940-இல் லண்டன் மீது ஜெர்மன் விமானங்கள் வீசிய குண்டுகளில் பல, மின்சார ஃபியூஸ்களோடும் கடிகாரப் பொறிகளோடும் வந்தன. மூன்று நாள் வரை காத்திருந்து வெடிக்கும் குண்டு ஒன்று தெருவில் கிடந்தால் போதும், தெருவே காலியாகும், ரயில் நிற்கும், ஆலை மூடும். அதை எடுக்க வருபவரைக் கொல்லவே அசைத்தால் வெடிக்கும் ஃபியூஸும், ஃபியூஸைக் கழற்றினால் வெடிக்கும் துணைப்பொறியும் பிறகு சேர்க்கப்பட்டன. பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் படை ஒவ்வொரு புதுப் பொறிக்கும் ஓர் எதிர்ப்பொறி கண்டுபிடித்தது. விலை உயிர்களாகக் கொடுக்கப்பட்டது. 1940 செப்டம்பரில் புனித பால் தேவாலயத்தின் அருகே மண்ணுக்குள் புதைந்த குண்டை ராபர்ட் டேவிஸின் குழு தோண்டி எடுத்தது. அந்த மாதமே ஜார்ஜ் கிராஸ் விருது நிறுவப்பட்டது. முதலில் அதைப் பெற்றவர்களில் டேவிஸும் ஒருவர். 1941 மே மாதம் எரித் சதுப்பு நிலத்தில் ஒரு பழைய குண்டைப் பிரிக்கும்போது சஃபோக் பிரபு தன் செயலாளருடனும் ஓட்டுநருடனும் மாண்டார். இந்தக் கதைகள் நாவலாகவும் படமாகவும் வந்துவிட்டன. வெடிகுண்டுப் பாதுகாப்பு என்றதும் நம் கண்ணில் தெரியும் உருவமும் இவர்களுடையதே. ஆனால் அந்த நகரத்தில் அதிக உயிர்களைக் காத்தது, விழுந்த ஒவ்வொரு குண்டையும் தொண்டர்கள் கண்டு சொல்லி, வரைபடத்தில் குறித்து, எது முதலில் எது பிறகு என்று தரம் பிரித்த ஏற்பாடு. தேம்ஸ் நதிக்கரைப் பணிமனையில் கிடப்பதை இன்றே எடுக்க வேண்டும், ஆளில்லாத புல்வெளியில் கிடப்பது நான்கு நாள் கிடக்கட்டும் என்று முடிவெடுக்க ஒரு பேரேடு வேண்டும். துணிச்சலை எங்கே செலவழிப்பது என்பதையே அந்தப் பேரேடுதான் தீர்மானித்தது.

இந்த வாதத்துக்கு ஓரானியன்பர்க் நகரத்தைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. பெர்லினுக்கு வடக்கே உள்ள இந்தச் சிறுநகரில் யுரேனியம் பதப்படுத்திய ஆலை ஒன்று இருந்தது. அது சோவியத் படையின் கைக்குப் போய்விடக் கூடாது என்று அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தின் தலைவர் ஜெனரல் குரோவ்ஸ் கேட்டுக்கொண்டதால், 1945 மார்ச் 15 அன்று 600-க்கு மேற்பட்ட விமானங்கள் அதன் மீது குண்டு வீசின. அவற்றில் ஏராளமானவை நீண்ட தாமதத்துடன் வெடிக்கும் ரசாயன ஃபியூஸ் கொண்டவை. அதன் வேலை எளிமையானது. குண்டு விழும்போது ஒரு கண்ணாடிக் குப்பி உடைந்து அசிட்டோன் கசியும். அது குண்டை வெடிக்க வைக்கும் ஊசியைத் தடுத்துப் பிடித்திருக்கும் செல்லுலாய்டு வில்லையை மெல்லக் கரைக்கும். கரைந்து முடிந்ததும் ஊசி பாயும். சில மணி நேரமோ சில நாளோ கழித்து, மீட்புப் பணி நடக்கும்போது வெடிப்பதே நோக்கம். ஓரானியன்பர்க்கின் மண் மெல்லிய மணல், அதன் கீழே கெட்டியான சரளைக்கல். குண்டுகள் மணலைத் துளைத்துப் போய்ச் சரளையில் மோதி, வளைந்து, மூக்கு மேல்நோக்கிய நிலையில் நின்றுவிட்டன. ஃபியூஸ் பின்புறம் இருப்பதால் அசிட்டோன் வில்லையைத் தொடாமல் கீழே வடிந்துவிட்டது. வில்லை பாதி கரைந்தும் கரையாமலும் நின்றது. செல்லுலாய்டு காலப்போக்கில் தானே சிதையும் பொருள். ஆகவே அந்தக் குண்டுகள் ஆண்டு ஆக ஆகப் பாதுகாப்பாக மாறாமல் மேலும் ஆபத்தாகின்றன. பழைய குண்டு துருப்பிடித்துச் செத்திருக்கும் என்ற நம்பிக்கை இங்கே தலைகீழ்.

இந்த நகரம் கிழக்கு ஜெர்மனியில் இருந்தவரை, குண்டுவீச்சுக்குப் பிறகு நேச நாட்டு விமானங்கள் எடுத்த வான்படங்களை அது பார்க்க வழியில்லை. தற்செயலாகக் கிடைத்ததை எடுத்தார்கள். மற்றவை கிடந்தன, சில வெடித்தன. 1990-இல் ஜெர்மனி இணைந்த பிறகு படங்கள் கிடைத்தன. சுற்றிலும் பெரும் பள்ளங்கள் இருக்க, நடுவே சிறு துளை மட்டும் தெரிந்தால் அங்கே வெடிக்காத குண்டு இருக்கலாம் என்று படத்திலிருந்து ஊகிக்க முடியும். காட்பஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று 2008-இல் இன்னும் முந்நூறுக்கு மேற்பட்ட குண்டுகள் நகருக்கடியில் இருக்கக்கூடும் என்று கணக்கிட்டது; அன்றுமுதல் தேடல் தெருத்தெருவாக நடக்கிறது. மேற்கு ஜெர்மன் மாநிலங்கள் இதை முன்பே செய்யத் தொடங்கியிருந்தன. பிரிட்டனில் கீல் பல்கலைக்கழகத்தில் இருந்த போர்க்கால வான்படங்களின் நகல்களை அவை விலைகொடுத்து வாங்கின. அழிவு போதுமா, மறுபடி வீச வேண்டுமா என்று பார்க்க எடுத்த படங்கள் அவை. இன்று ஜெர்மனியில் பல இடங்களில் வீடு கட்ட அனுமதி கேட்டாலே நிலத்தின் அடியில் குண்டு இல்லை என்ற சான்று வேண்டும். 2017 செப்டம்பர் 3 அன்று ஃபிராங்க்ஃபர்ட்டில் 1.4 டன் பிரிட்டிஷ் குண்டு ஒன்றைச் செயலிழக்கச் செய்ய 60,000 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள், இரண்டு மருத்துவமனைகள் உட்பட. அதற்கு முந்தைய கிறிஸ்துமஸ் நாளில் ஆக்ஸ்பர்க்கில் 54,000 பேர். இரண்டிலும் யாருக்கும் காயமில்லை. ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மேல் பழைய வெடிபொருள்கள் அந்த நாட்டில் எடுக்கப்படுகின்றன. பெரும்பாலானவை உள்ளூர்ச் செய்தியோடு முடிந்துவிடுகின்றன.

ஜெர்மனி பணக்கார நாடு, எனவே அது பதிவின் வெற்றி இல்லை, பணத்தின் வெற்றி என்று ஒருவர் சொல்லலாம். நியாயமான மறுப்பு. 2010 ஜூன் 1 அன்று கோட்டிங்கன் நகரில், அனுபவம் மிக்க மூன்று நிபுணர்கள் ரசாயன ஃபியூஸ் கொண்ட ஒரு குண்டைச் செயலிழக்கச் செய்யத் தயாராகிக்கொண்டிருந்தபோதே அது வெடித்து இறந்தார்கள். பணமும் பதிவும் திறமையும் சேர்ந்தாலும் ஆபத்து பூஜ்யமாகாது. ஆனால் ஓரானியன்பர்க்கின் இரு காலங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். குண்டுகள் அவையே, மண்ணும் அதுவே. ஆவணம் கிடைத்த பிறகே முறையான தேடல் சாத்தியமானது. பணம் எப்படி வந்தது என்பதும் பார்க்க வேண்டியது. ஜெர்மனியின் பழைய ராய்ஷ் அரசுக்குச் சொந்தமான வெடிபொருள்களை அகற்றும் செலவு மத்திய அரசுக்கு, நேச நாட்டுக் குண்டுகளின் செலவு மாநிலங்களுக்கு என்பது நெடுங்கால விதி. அதை மாற்றச் சொல்லிக் கிழக்கு மாநிலங்கள் பல்லாண்டு சண்டை போட்டன. சண்டை போட ஒரு விதியும், எதிரே ஓர் அலுவலகமும் இருந்தன. வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரி தானாக வருவதில்லை. யாரோ ஒருவரின் கடமை என்று எழுதப்பட்ட பிறகே வருகிறது.

கடமை யாருக்கும் இல்லாதபோது நடப்பதைப் போர்முடிவுக் காலம் காட்டியது. 1945-க்குப் பிறகு பிரான்சில் கண்ணிவெடி அகற்றும் பணியை ரெமோன் ஓப்ராக் என்ற எதிர்ப்பியக்க வீரர் பொறுப்பேற்று நடத்தினார். வேலைக்கு ஆள் கிடைக்காததால் பல்லாயிரம் ஜெர்மன் போர்க்கைதிகள் இறக்கப்பட்டார்கள். ஆயிரக்கணக்கில் செத்தார்கள், ஊனமானார்கள். டென்மார்க்கின் ஜட்லண்ட் கடற்கரையிலும் அப்படியே. உங்கள் ஆட்கள் வைத்ததை நீங்களே எடுங்கள் என்பது பழிவாங்கல் போலவும் நீதி போலவும் ஒரே நேரத்தில் ஒலித்தது. ஆனால் வைத்த அரசின் கடனைப் பதினெட்டு வயதுக் கைதிகளின் கைகால்களில் வசூலிப்பது எந்தக் கணக்கிலும் சேராது. 1949 ஜெனீவா உடன்படிக்கை போர்க்கைதிகளைக் கட்டாயப்படுத்திக் கண்ணிவெடி அகற்ற வைப்பதைத் தடைசெய்தது. தடை சரியே. அதனால் மிஞ்சிய கேள்விக்கு, அப்படியானால் யார் எடுப்பது என்பதற்கு, அந்த உடன்படிக்கை பதில் சொல்லவில்லை.

அந்த வெற்றிடத்தில் விழுந்த நாடு லாவோஸ். 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் 5,80,000 முறை பறந்து 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு வீசின. அதில் கொத்துக்குண்டுகளின் உள்ளே இருந்த சிறுகுண்டுகள் மட்டும் 27 கோடி. வெடிக்காமல் கிடந்தவை 8 கோடி என்பது மதிப்பீடு. டென்னிஸ் பந்து அளவுள்ள அவற்றை லாவோ மக்கள் பாம்பி என்கிறார்கள். குழந்தைகளுக்கு அது விளையாட்டுப் பொருள், ஏழைகளுக்கு விற்கக்கூடிய இரும்பு. போர் முடிந்த பிறகு மட்டும் சுமார் 20,000 பேர் கொல்லப்பட்டோ காயமுற்றோ இருக்கிறார்கள். வயலைத் தோண்டப் பயந்து பயிரைக் குறைத்தவர்களின் பசி எந்தப் பட்டியலிலும் இல்லை. அகற்றுவதற்கென்று தேசிய அமைப்பே 1996-இல்தான் பிறந்தது, அதாவது குண்டுவீச்சு நின்று 23 ஆண்டுகள் கழித்து. 2016 செப்டம்பரில் வியன்டியனுக்கு வந்த ஒபாமா, இருபது ஆண்டுகளில் அமெரிக்கா 10 கோடி டாலர் தந்திருப்பதையும், அதன் பிறகு ஆண்டுக்கு 300-க்கு மேல் இருந்த பாதிப்பு 50-க்குக் கீழ் குறைந்ததையும் சொல்லி, அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு 9 கோடி டாலர் அறிவித்தார். பாராட்டத்தக்க அறிவிப்பு. ஆனால் அந்த எண்களை மறுபடி படித்தால் அவை ஒரு குற்றப்பத்திரிகை போலவும் இருக்கின்றன. பணமும் குண்டுவீச்சு ஆவணங்களும் வந்ததும் சாவு குறைந்தது என்றால், வராத அந்த இருபத்துச் சொச்சம் ஆண்டுகளின் சாவுகளும் தவிர்க்கக்கூடியவையே.

இதற்கெல்லாம் தீர்வு நல்ல ஃபியூஸ் என்று ஆயுதப் பொறியாளர்கள் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். வெடிக்காவிட்டால் தானே தன்னை அழித்துக்கொள்ளும் சிறுகுண்டு செய்தால் பிரச்சினை தீர்ந்தது என்பது வாதம். இஸ்ரேலின் எம்-85 அப்படிப்பட்டது. பழுது விகிதம் ஒரு சதவீதத்துக்குக் கீழே என்றார்கள். 2006-இல் தெற்கு லெபனானில் அது உண்மையான வயலில், உண்மையான மரங்களின் மேல் விழுந்தது. நார்வே மக்கள் உதவி அமைப்பும் வெடிபொருள் நிபுணர் காலின் கிங்கும் அங்கே எண்ணிப் பார்த்து 2007-இல் வெளியிட்ட அறிக்கையில் பழுது 10 சதவீதம் வரை இருந்தது. 2023 ஜூலையில் அமெரிக்கா உக்ரைனுக்குக் கொத்துக்குண்டுகள் அனுப்பியபோதும் பழுது 2.35 சதவீதத்தைத் தாண்டாது என்றது. பரிசோதனைத் தளத்தின் கெட்டியான தரையில் கிடைக்கும் சதவீதம் சேற்று வயலில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும், லட்சக்கணக்கில் வீசும்போது இரண்டு சதவீதம் என்பது பல ஆயிரம் மிதிவெடிகள்.

மக்களுக்குத்தான் விழிப்புணர்வு இல்லை, கண்டதை எடுத்துத் தட்டிப் பார்க்கிறார்கள் என்பது இன்னொரு வாதம். அதிகாரிகளுக்கு மிகவும் பிடித்தது. குழந்தைகளைப் பொறுத்தவரை அதில் உண்மை உண்டு, பள்ளிகளில் படம் காட்டிச் சொல்லித்தருவது உயிர் காக்கிறது. பெரியவர்கள் விஷயம் வேறு. லாவோஸிலும் வியட்நாமின் குவாங் திரியிலும் பழைய இரும்பு பொறுக்கியவர்களுக்கு அது என்னவென்று நன்றாகவே தெரியும். அறுவடைக்கு முந்தைய மாதங்களில் அரிசி வாங்க வேறு வழியில்லை என்பதும் தெரியும். இந்தியாவுக்கு இந்தக் கதை காயலான் கடை வழியாக வந்தது. 2004 செப்டம்பர் 30 அன்று காசியாபாத்தில் ஓர் உருக்காலையில், மேற்காசியாவிலிருந்து இறக்குமதியான பழைய இரும்புக்குள் கிடந்த எறிகணைகள் வெடித்துப் பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அதன் பிறகு வேறு இடங்களிலும் சரக்குகளுக்குள் எறிகணைக் கூடுகள் கிடைத்தன. அரசு அப்போது தொழிலாளர்களுக்கு விழிப்புணர்வு முகாம் நடத்தியதோடு நிறுத்தியிருந்தால் பலன் இருந்திருக்காது. துண்டு துண்டாக வெட்டப்படாத உலோகக் கழிவு வர வேண்டுமானால், ஏற்றும் துறைமுகத்திலேயே சோதித்து வெடிபொருள் இல்லை என்று சான்று தர வேண்டும் என்று விதி வந்தது. ஆபத்தைக் கண்டறியும் பொறுப்பு உலை முன்னால் நிற்பவரிடமிருந்து அனுப்புபவரிடம் போனது. அதியன் ஆதிரை இயக்கிய 'இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு' 2019-இல் இதே பழைய இரும்பு உலகத்தைத் தமிழ்த் திரைக்குக் கொண்டுவந்தது. லாரி ஓட்டுநரும் காயலான் கடைத் தொழிலாளியும் ஒரு குண்டின் கடைசி உரிமையாளர்களாக ஆகிவிடுவதை அந்தப் படம் சரியாகவே பிடித்திருந்தது.

பதிவைக் கேட்டால் ராணுவங்கள் சொல்லும் பதில், அது எதிரிக்குப் பயன்படும் என்பது. போர் நடக்கும்போது இது ஏற்கத்தக்கதே. போர் நின்ற பிறகு இதில் ரகசியம் என்ன மிச்சம்? 2006 லெபனான் போரின் கடைசி 72 மணி நேரத்தில்தான் பெரும்பாலான கொத்துக்குண்டுகள் வீசப்பட்டன. பத்து லட்சம் வரை வெடிக்காத சிறுகுண்டுகள் கிடக்கலாம் என்று ஐ.நா. மதிப்பிட்டது. எங்கே வீசினீர்கள் என்ற வரைபடத்தை அது இஸ்ரேலிடம் திரும்பத் திரும்பக் கேட்டது. வரைபடம் கைக்கு வந்தது 2009 மே மாதம். இடைப்பட்ட இரண்டே முக்கால் ஆண்டுகளில் லெபனான் விவசாயிகளும் அகற்றும் பணியாளர்களும் அந்த வரைபடத்தைத் தங்கள் கால்களால் வரைந்துகொண்டிருந்தார்கள். 2003 நவம்பரில் ஏற்கப்பட்டு 2006-இல் நடைமுறைக்கு வந்த, பன்னாட்டு மரபு ஆயுத உடன்படிக்கையின் ஐந்தாம் நெறிமுறை இத்தகையதைத் தடுக்க வேண்டியது. இந்தியாவும் அமெரிக்காவும்கூட அதில் உறுப்பினர்கள். ஆனால் அதன் வாசகத்தைப் பார்த்தால், முதல் பொறுப்பு நிலத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவருக்கு. வீசியவர் சாத்தியமான இடத்தில் உதவ வேண்டும். பதிவையும் இயன்ற அளவு வைத்திருக்க வேண்டும். அது பிறப்பதற்கு முன் கிடந்த குண்டுகளுக்கு இந்தக் கடமைகள் பொருந்தா. 1907-இல் கடலுக்கு எழுதிய வாசகத்தோடு பக்கத்தில் வைத்துப் படித்தால், ஒரு நூற்றாண்டில் நாம் பின்னால் நடந்திருப்பது தெரியும்.

வீசியவரே செலவு ஏற்க வேண்டும் என்றால், ஹிட்லரைத் தோற்கடித்த நாடுகள் ஃபிராங்க்ஃபர்ட்டுக்குக் காசு கட்ட வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. இது எளிதில் தள்ளக்கூடிய கேள்வி இல்லை. போரைத் தொடங்கியவரின் பொறுப்பும் குண்டைப் போட்டவரின் பொறுப்பும் வேறு வேறு, முன்னது பின்னதை விழுங்கிவிடலாம் என்று ஒருவர் நியாயமாகவே வாதிடலாம். என் பதில், பணத்தையும் பதிவையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே. யார் எவ்வளவு கொடுப்பது என்பது வெற்றி தோல்வியும் நியாய அநியாயமும் கலந்த பேரம். பதிவைக் கொடுப்பதில் அத்தகைய சிக்கல் எதுவும் இல்லை. நியாயமான போரில் வீசிய குண்டாக இருந்தாலும் அது எங்கே கிடக்கிறது என்று ஒரு குழந்தைக்குச் சொல்ல மறுப்பதற்கு நியாயம் எதுவும் கிடையாது.

அரசல்லாத தரப்புகள் இருக்கும் போர்களில் இந்த ஏற்பாடு நடக்காது என்பதற்கு ஒருவர் ஈழத்தின் வடக்கை எடுத்துக்காட்டலாம். முகமாலை, கிளாலி, நாகர்கோவில் என்று போர்முனை நிலைத்து நின்ற நிலங்கள் உலகில் மிக அடர்த்தியாக மிதிவெடி புதைக்கப்பட்ட இடங்களில் சேரும். ராணுவம் வைத்தவற்றுக்கு வரைபடம் இருந்தது. புலிகள் வைத்த ஜொனி மிதிவெடி போன்றவற்றுக்குப் பெரும்பாலும் கையில் கிடைக்கக்கூடிய வரைபடம் இல்லை. மரப்பெட்டியில் செய்தது என்பதால் உலோகங்காட்டியும் அதைத் தேடுவதில் தடுமாறும். ஆனாலும் 2002 போர்நிறுத்தத்திலிருந்தும் பிறகு 2009-க்குப் பின்பும் ஹேலோ டிரஸ்ட், மேக், டாஷ், ஷார்ப் போன்ற அமைப்புகளும் ராணுவமும் அங்குலம் அங்குலமாக நிலத்தை விடுவித்து வந்திருக்கின்றன. அகற்றும் பணியில் முழந்தாளிட்டிருப்பவர்களில் பலர் அந்த ஊர்ப் பெண்கள். பலர் போரில் கணவரை இழந்தவர்கள். இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்ததும், 2028-க்குள் முடிக்க வேண்டும் என்ற கெடு சட்டப்படி விழுந்தது. பதிவு பாதியே இருந்த இடத்தில்கூட, கெடுவோடு கூடிய ஒரு கடமை வந்ததும் நன்கொடையாளர்களைக் கேட்கவும் திட்டமிடவும் ஒரு பிடி கிடைத்தது. பதிவு இல்லாத பாதிதான் அதிகக் காலத்தையும் அதிகப் பணத்தையும் தின்கிறது என்பதையும் அதே நிலம் காட்டுகிறது.

இப்போது காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. கொத்துக்குண்டு உடன்படிக்கையிலிருந்து லிதுவேனியா 2025 மார்ச்சில் வெளியேறியது. ரஷ்யாவை எல்லையில் வைத்திருக்கும் எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா, போலந்து, பின்லாந்து ஆகியவை அதே ஆண்டில் ஒட்டாவா உடன்படிக்கையை விட்டு விலக முடிவு செய்தன. அந்த நாடுகளின் அச்சத்தை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. உக்ரைனின் வயல்களைப் பார்த்துவிட்டே அவை அந்த முடிவுக்கு வந்தன. ஆயுதத்தைத் தடைசெய்வது இனி சில காலம் பின்வாங்கும் என்றால், எஞ்சியிருக்கும் குறைந்தபட்சம் பதிவும் பொறுப்பும்தான். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்தபோது லாவோஸ் உட்படப் பல நாடுகளில் அகற்றும் குழுக்கள் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போக நேர்ந்தது. அது உதவி என்ற தலைப்பில் இருந்ததால் ஒரு கையெழுத்தில் நின்றது. கடன் என்ற தலைப்பில் இருந்திருந்தால் நிறுத்த ஒரு காரணமாவது சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

ஐந்தாம் நெறிமுறையின் உறுப்பு நாடுகள் ஆண்டுதோறும் ஜெனீவாவில் கூடுகின்றன. இயன்ற அளவு என்ற சொற்களை அந்த வாசகத்திலிருந்து எடுப்பதற்கு இன்று தொழில்நுட்பக் காரணம் எதுவும் தடையாக இல்லை. இன்றைய போர் விமானமும் பீரங்கியும் தாங்கள் எதை, எந்த ஆயத்தொலைவில், எத்தனை மணிக்கு வீசினோம் என்பதைத் தாமாகவே பதிவு செய்துவிடுகின்றன. அந்தப் பதிவைப் போர் நின்ற சில வாரங்களுக்குள் ஐ.நா.வின் கண்ணிவெடி நடவடிக்கைப் பிரிவிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதும், கொத்துக்குண்டோ எறிகணையோ வாங்கும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் அதன் பழுது விகிதத்துக்கேற்ப அகற்றும் செலவைச் சேர்த்தே விலை போட வேண்டும் என்பதும் அடுத்த கூட்டத்தில் வைக்கக்கூடிய இரண்டு திருத்தங்கள். இரண்டாவதைப் படைகள் கடுமையாக எதிர்க்கும், ஏனெனில் மலிவான குண்டு திடீரென்று விலை உயர்ந்ததாகிவிடும். லாவோஸின் சியாங்குவாங் மாகாண விவசாயி அந்த விலையை ஐம்பது ஆண்டுகளாகத் தன் பையிலிருந்து கட்டிவருகிறார். ரசீது மட்டும் வேறு பெயருக்கு மாற வேண்டும்.